எங்கள் தெருவில் தொழிலாளர் யாரும் இல்லை

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? பாப்பா எப்படி இருக்கிறாள்? பத்தொன்பது வயசாகியும் பாப்பா என்றே கூப்பிடுகிறோம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாளே, இறங்கிவிட்டதா?

இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று நீ சிரிப்பாய். என் போன் வீட்டம்மாவின் அலமாரியில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்றே வாங்கி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கையில் தருவார். நான் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று துணி மடிப்பார். மடித்து முடிந்துவிட்டால் மடித்ததையே உதறி மறுபடி மடிப்பார். அவர் காதில் விழாமல் உன்னிடம் நாலு வார்த்தை பேச இதுதான் வழி. பதிலை இந்த வீட்டுக்குப் போடாதே. கீழே இருக்கிற சங்கத்து விலாசத்துக்குப் போடு.

ஆமாம், சங்கம்தான். ஞாயிறு அரை நாள் லீவில் அங்கேதான் போகிறேன். என்னைப் போல வீட்டு வேலை செய்கிறவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், குப்பை பொறுக்குகிறவர்கள் எல்லோரும் வருவார்கள். சங்கத்தம்மா என்று ஒருவர் இருக்கிறார். இருபது வருஷமாக அரசாங்கத்தோடு மல்லுக்கட்டுகிறவர். இப்போது ஒன்றை ஜெயித்திருக்கிறார். வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களையும் தொழிலாளர் நல வாரியத்தில் சேர்க்கப்போகிறார்கள். சேர்ந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியம், பிரசவ உதவி, அறுபது வயசுக்குமேல் ஓய்வூதியம். முதலில் வீடு வீடாகக் கணக்கெடுக்க வருவார்கள். அந்தப் பட்டியலில் தெரு இருந்தால்தான் அட்டை.

உங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஷூ தைக்கிறீர்கள். யாராவது ஒருத்தர் எல்லோரையும் ஒன்று சேர்க்கவேண்டும். தண்ணீர்க் குழாயடியில் நீ ஒரு சத்தம் போட்டால் வரிசை தானாக நேராகும். நீதான் செய்யவேண்டும். இந்தக் கடிதத்தோடு விண்ணப்பப் படிவம் ஒன்று வைத்திருக்கிறேன், படித்துப் பார்.

உன்
சின்னவள்


ஜனவரி 29

அடியே சின்னவளே,

நல்லா இருக்கிறாயா? நாங்கள் உயிரோடு இருக்கிறோம், அதற்குமேல் விசாரிக்காதே. முதுகு வலி என்னோடு நிரந்தரமாகக் குடித்தனம் நடத்துகிறது. உன் அத்தானே அத்தனை வருஷம் என்னோடு இருக்கவில்லை.

சங்கமாம் சங்கம். ஒழுங்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டு இரு என்று அனுப்பினால் அங்கே போய் மைக் பிடிக்கிறாயாக்கும். அந்த வீட்டம்மாவுக்குத் தெரிந்தால் உன் பெட்டியைத் தெருவில் வைப்பாள், பார்த்துக்கொள்.

இருந்தாலும் படிவத்தைக் குழாயடியில் படித்துக் காட்டினேன். பெயர், வயசு எல்லாம் சரி. "தொழில்" என்று ஒரு கட்டம் வந்தது பார், அங்கேதான் வந்தது வினை. "நான் எங்க வேலை செய்யறேன்? வீட்லதானே இருக்கேன்" என்கிறாள் மாடிவீட்டுக்காரி. சொல்லும்போது அவள் கையில் குத்தூசி. எனக்கு வந்த கோபத்துக்கு, "பின்ன இது என்ன, காது குடையறதுக்கா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். எதிர்வீட்டு வக்கீல் இருக்கிறாளே, படிக்காத வக்கீல், எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுகிறவள், அவள்கூட "கம்பெனிக்குப் போறவங்கதான் தொழிலாளி" என்கிறாள்.

கம்பெனியை யார் கண்டது? திங்கட்கிழமை ஸ்கூட்டர்க்காரர் மூட்டையில் தோலைக் கொண்டுவந்து போடுவார். பசை போட்டு, மெழுகு நூலால் தைத்து வைத்தால் வியாழக்கிழமை எடுத்துக்கொண்டு போவார். எந்தக் கம்பெனி என்றால் "பெரிய கம்பெனி" என்பார். பசையில் தூசி ஒட்டினால் மால் ரிட்டன், சரக்கைத் திருப்பிவிடுவேன் என்று போன மாதம் கத்திவிட்டுப் போனார். அதிலிருந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் வேலை. தைப்பது நான், பசை போடுவது பாப்பா. அவளுக்குத்தான் கை சுத்தம்.

ஆனால் அவளுக்கு யார் நினைப்போ தெரியவில்லை. நேற்று கடைக்குப் போனவள் ஒற்றைச் செருப்போடு வந்து நிற்கிறாள். "இன்னொண்ணு எங்கடி?" என்றால் குனிந்து காலைப் பார்க்கிறாள். கழன்று விழுந்ததே தெரியவில்லையாம். இப்படி ஒரு பெண்ணை எங்கே கட்டிக்கொடுப்பது?

சரி, மறுபடி ஒரு தடவை பேசிப் பார்க்கிறேன். உனக்காக இல்லை. அந்த வக்கீலின் வாயை அடைக்கவேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நல்லபடி இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதத்தைச் சங்கத்தில் சத்தமாகப் படித்தேன். காது குடைகிற இடத்தில் கூடமே சிரித்தது.

செருப்பு இடத்தில் சங்கத்தம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு பசை போடுதா? மூடின ரூம்லயா?" என்று கேட்டார். அந்தப் பசையின் நெடி நரம்பைத் தின்னுமாம். முதலில் கால் விரல் மரத்துப்போகும், பிறகு பாதம், பிறகு மேலே ஏறும். இதே வேலையில் நடக்கமுடியாமல் போன மூன்று பேரை அவருக்குத் தெரியுமாம். அக்கா, ஜன்னலைத் திற. மால் ரிட்டன் ஆனால் ஆகட்டும். பாப்பாவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. அவள் கால் விரலை ஊசியால் மெதுவாகக் குத்திப்பார், தெரிகிறதா என்று கேள்.

கணக்கெடுப்பு உங்கள் வார்டில் மார்ச் 20. இதை எல்லோரிடமும் சொல். ஸ்கூட்டர்க்காரர் கையெழுத்து தேவையில்லை. கம்பெனி சீட்டு தேவையில்லை. அதிகாரி வாசலில் வந்து கேட்கும்போது "ஷூ தைக்கிறேன்" என்று அவரவர் வாயால் சொல்லி, வேலையைக் காட்டினால் போதும். இதற்காகத்தான் சங்கத்தம்மா இத்தனை வருஷம் சண்டை போட்டார். வாயால் சொன்னால் சட்டப்படி அதுதான் சாட்சி.

பாப்பாவின் காலைப் பற்றி உடனே எழுது.

சின்னவள்


மார்ச் 5

சின்னவளே,

சௌக்கியமா? இங்கே பாதி சௌக்கியம்.

ஊசியால் குத்திப் பார்த்தேன். கட்டை விரலில் ரத்தமே வந்துவிட்டது, அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "குத்தினியாம்மா?" என்கிறாள். அவளைச் செருப்புக்காகக் கேலி பண்ணின வாயில் நெருப்பை வைக்கவேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன டாக்டர், ஆனால் நல்ல பையன். முட்டியைத் தட்டினார், கால் எழும்பவில்லை. பசையைத் தொடவே கூடாது, பெரிய ஆஸ்பத்திரியில் நரம்புக்குப் பரிசோதனை செய்து உடனே வைத்தியம் பார்க்கவேண்டும், தள்ளிப்போட்டால் நடை நின்றுவிடும் என்றார். "வாரியத்து அட்டை இருக்கா?" என்று கேட்டார். அட்டை இருந்தால் சீட்டு எழுதி அனுப்புவாராம். இல்லாவிட்டால் நம் செலவு. அது நம்மை விற்றாலும் ஆகாத செலவு. இன்னும் வரவில்லை, வந்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு என்னை நீ பார்க்கவேண்டும். வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டேன். பாப்பாவின் காலை எல்லோருக்கும் காட்டினேன். அவள் கூச்சப்பட்டாள், அதட்டிக் காட்டவைத்தேன். வக்கீல் தன் கால் விரலைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாப்பாவையும் என்னையும் சேர்த்து நாற்பத்து நாலு பேர். எல்லோரும் சொல்கிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். போன செவ்வாய் அத்தனை பேரும் வார்டு ஆபீசுக்கு மனு எடுத்துக்கொண்டு நடந்து போனோம். அங்கே ஒரு கிளார்க், "எந்த கம்பெனி ஸ்டாஃப் நீங்க?" என்று கேட்டான். "உன் கால்ல இருக்கே, அந்த கம்பெனி" என்றேன். குனிந்து தன் ஷூவைப் பார்த்தான் பார், சின்னவளே, நீ இருந்திருக்கவேண்டும்!

அதிகாரி தெருமுனையிலிருந்து வருவார். முதல் வீடு என் வீடு. நான் என்ன சொல்கிறேனோ அதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் சொல்வார்களாம். "நீ வாயைத் தொற, நாங்க பின்னாலயே வரோம்" என்றாள் மாடிவீட்டுக்காரி.

பசையை இப்போது நானே போடுகிறேன். என் கை ஓடவில்லை. வியாழக்கிழமைக்குள் முடியாவிட்டால் மூட்டை வேறு தெருவுக்குப் போய்விடும். அதனால் பாப்பா காலையில் ஒரு மணி நேரம் மட்டும் உட்காருகிறாள். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான். திட்டாதே.

அக்கா


மார்ச் 24

சின்னவளுக்கு,

நலம். உன் நலத்துக்கு எழுது.

கணக்கெடுக்க வந்தார்கள், போனார்கள். பாப்பாவைத் தனியார் டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். ஊசி போட்டார், சத்து மாத்திரை கொடுத்தார். வெயில் அதிகமாக இருக்கிறது. மாடிவீட்டில் தண்ணீர்த் தொட்டி உடைந்துவிட்டது, சரிபண்ணுகிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று. உடைந்த தொட்டியைப் பற்றி எழுதத் தெரிந்தவளுக்கு அதிகாரி என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று எழுதத் தெரியாதா?

பட்டியல் வந்துவிட்டது. சங்கத்தம்மா தெருத் தெருவாகப் படித்துக்கொண்டே வந்தார். நம் தெரு வந்ததும் நான் எழுந்தே நின்றுவிட்டேன். "வீடுகள் முப்பத்தொன்று. தொழிலாளர் யாரும் இல்லை" என்று படித்தார். மறுபடி படிக்கச் சொன்னேன். அதேதான். ஒருத்தர்கூட இல்லை.

அச்சுப் பிழையாக இருக்கும் என்றேன். அவர் என் தோளைத் தொட்டு உட்காரவைத்தார்.

யார் கவிழ்த்தது அக்கா? மாடிவீட்டுக்காரிதானே? அவள் முதலிலேயே இழுத்தாள். ஸ்கூட்டர்க்காரர் அவளுக்கு ஏதோ ஆசை காட்டியிருப்பார். அவள் ஒருத்தி சொன்னாலும் மற்றவர்கள் எங்கே போனார்கள்? நீ சொன்னதை எழுதிக்கொள்ளாமல் விட்டாரா அந்த அதிகாரி? அப்படியென்றால் அதையே புகாராகக் கொடுக்கலாம். நடந்ததை அப்படியே எழுது. பாப்பாவின் சீட்டு இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது, மறந்துவிடாதே.

சின்னவள்


மே 4

அக்கா,

பட்டியல் வந்தபிறகு நான் எழுதுகிற மூன்றாவது கடிதம் இது. ஒன்றுக்கும் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் வக்கீல் எடுத்து "அக்கா குளிக்கிறாங்க" என்கிறாள். மூன்று ஞாயிறாகக் குளிக்கிறாயா?

என் மேல் கோபமா? உன்னை இதில் இழுத்துவிட்டேன் என்றா? பாப்பா நடக்கிறாளா? அதையாவது எழுது. ஒரு வரி போதும்.

சின்னவள்


மே 18

மரியாதைக்குரிய சித்திக்கு,

பாப்பா வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கவேண்டும். அம்மா நன்றாகத்தான் இருக்கிறார். உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. எல்லாவற்றையும் அம்மா படிக்கிறார், மடித்து வைக்கிறார், மறுபடி எடுத்துப் படிக்கிறார். பதில் எழுத உட்காருவார். "அன்புள்ள" என்று எழுதிவிட்டு எழுந்து போய்விடுவார். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

மாடிவீட்டு அத்தையைத் திட்டாதீர்கள் சித்தி. அவர் மேல் தப்பு இல்லை.

கணக்கெடுப்புக்கு முந்தின நாள் மத்தியானம் ஸ்கூட்டர்க்காரர் வந்தார். மூட்டை நாள் இல்லை. பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். என் காலைப் பார்த்தார். "ஐயோ, இப்படி ஆயிடுச்சா, எங்கிட்ட சொல்லக்கூடாதா?" என்றார். அம்மாவை வாசலுக்குக் கூப்பிட்டுப் பேசினார். எனக்குக் கேட்டது. "வாரியம் அட்டை குடுக்க ஒரு வருஷம் ஆகும். அதுக்குள்ள பொண்ணு கால் என்னாகும்? பெரிய ஆஸ்பத்திரியில எல்லாத்தையும் கம்பெனி பாத்துக்கும், நான் பொறுப்பு. நாளைக்கு வர்றவங்ககிட்ட இங்க யாரும் தைக்கலன்னு மட்டும் சொல்லிடுங்க. உங்க வீட்ல சொன்னா போதும். மத்ததெல்லாம் தானா நடக்கும்" என்றார். அவர் போனபிறகு அம்மா என் காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் அம்மா தோலையெல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பசை டப்பா மட்டும் எங்கும் அடங்கவில்லை. அதன் மேல் தலையணையைப் போட்டு என்னை உட்காரவைத்தார். அதிகாரி வந்தார். தெருவில் எல்லா வாசலிலும் எல்லோரும் நின்றார்கள். "இங்க என்ன தொழில் பண்றீங்கம்மா?" என்று கேட்டார். அம்மா, "ஒண்ணும் இல்லீங்க, வீட்லதான் இருக்கோம்" என்றார். அதிகாரிக்கு நெடியில் தும்மல் வந்தது. "நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா" என்று இன்னொரு தடவை கேட்டார். அம்மா அதையேதான் சொன்னார். எதிர்வீட்டு அத்தை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முறை வந்தபோது அவரும் அதையே சொன்னார். பிறகு எல்லோரும்.

நானும் ஒன்றும் சொல்லவில்லை சித்தி. டப்பா மேல் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் கால் சரியாகிவிடும் என்று ஆசையாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஸ்கூட்டர்க்காரர் எங்களை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டர் என் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ரத்தம் கம்மி என்றார். அதற்குப் பிறகு ஸ்கூட்டர்க்காரரிடம் பெரிய ஆஸ்பத்திரி பற்றிக் கேட்டால் "கம்பெனிக்கு எழுதியிருக்கேன்" என்கிறார்.

ஏப்ரல் முதல் வாரம் குழாயடியில் விழுந்தேன். அன்றிலிருந்து வேலை எதுவும் செய்யவில்லை. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைவரை போவேன். அம்மாவைத் திட்டி எழுதாதீர்கள். அவர் தன்னையே திட்டிக்கொள்கிறார், சுவரைப் பார்த்து.

தங்கள் பாப்பா


மே 31

அக்கா,

பாப்பா எனக்கு எழுதிவிட்டாள். அவளை ஒன்றும் சொல்லாதே.

முதலில் கோபம் வந்தது, மறைக்கமாட்டேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே வாய்விட்டுத் திட்டினேன். வீட்டம்மா எட்டிப் பார்த்து "யாரைத் திட்டற?" என்றார். "எங்கக்காவை" என்றேன். "சொந்த அக்காவையா?" என்றார். அப்புறம் அழுகை வந்துவிட்டது. பத்து மாதம் சுமந்து பெற்றவளிடம் உன் பெண் காலா, தெருவா என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? அந்த ஆளுக்கு அது தெரியும். தெரிந்துதான் பழம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

உனக்கு எழுதாமல் விட்டது ஒன்று என்னிடமும் இருக்கிறது. மார்ச் மாதம் கணக்கெடுக்க இந்த வீட்டுக்கும் வந்தார்கள். நான் டீ தட்டோடு நின்றேன். "இது யாரு?" என்றார் வந்தவர். "எங்க தூரத்துச் சொந்தம், கூடமாட ஒத்தாசையா இருக்கா" என்றார் வீட்டம்மா. வந்தவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன் அக்கா. கூட்டத்துக்குக் கூட்டம் மைக் பிடிக்கிற நான், தலையை ஆட்டிவிட்டு டீயை நீட்டினேன். எனக்குக் கால் ஒன்றும் போகவில்லை. யாரும் எனக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. வெறும் பயம். உன்னைத் திட்ட எனக்கு வாய் ஏது?

சங்கத்தம்மா மேல்முறையீடு போட்டிருக்கிறார். ஜூன் 21 உங்கள் வார்டு ஆபீசில் விசாரணை. முன்பு யார் பொய் சொன்னார்களோ அவர்களே வந்து அது பொய் என்று சொல்லவேண்டும். அதாவது நீ. ஒப்புக்கொண்டால் அன்றைக்கே பதிவு, அட்டை ஒரு வாரத்தில். அட்டை வந்தால் பாப்பாவுக்குச் சீட்டு. லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. உன்னோடு வந்து நிற்க முடியாததுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

போ அக்கா.

சின்னவள்


ஜூன் 28

சின்னவளே,

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நான் சாப்பிடுகிறேன், பொய் இல்லை, பாப்பாவைக் கேட்டுப் பார். இனிமேல் நான் எதைச் சொன்னாலும் ஒரு சாட்சி தேவைப்படும்.

நடந்ததை அப்படியே எழுது என்று ஏப்ரலில் கேட்டாய். இப்போது எழுதுகிறேன்.

விசாரணை மாடியில். பாப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மாடிவீட்டுக்காரி ஒரு பக்கம், வக்கீல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். "கல்யாணப் பொண்ணு மாதிரி போறேன்" என்றாள் பாப்பா. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எல்லோரும் வந்திருந்தார்கள். ஸ்கூட்டர்க்காரரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். கணக்கெடுக்க வந்த அதே அதிகாரி, பக்கத்தில் அவருக்கு ஒரு மேலதிகாரி. குழாயடியில் கிழிக்கிற வாய் எங்கே போயிற்றோ! "ஐயா, அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொன்னவ நான்தான். எங்க தெருவுல நாப்பத்து நாலு பேர் ஷூ தைக்கறோம். நான் சொன்னதப் பாத்துத்தான் அவங்களும் சொன்னாங்க. அவங்க மேல தப்பில்ல" என்றேன். "எனக்குத் தெரியும்மா, நெடி வந்துச்சு. ஆனா நீங்க சொல்றதத்தான் நான் எழுத முடியும்" என்றார் அவர். தெரியுமாம்! தெரிந்தும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அவர் மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

எல்லோரும் எழுந்து விரலை விரித்துக் காட்டினார்கள். ஊசி குத்தின தழும்பு, பசை ஏறிக் கறுத்த நகம். ஸ்கூட்டர்க்காரர் எழுந்தார். "ஒரு தடவ பொய் சொன்னவங்க இப்ப மட்டும் நிஜமா சொல்றாங்கன்னு என்ன நிச்சயம்? இதுல ஒரே ஒரு பேர் பொய்யா இருந்தாலும் மொத்த லிஸ்டையும் ரத்து பண்ணணும் சார்" என்றார். மேலதிகாரி யோசித்துவிட்டு அது சரிதான் என்று எழுதிக்கொண்டார். ஆனால் எங்களை ஒப்புக்கொண்டார். வக்கீல் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பதிவு கீழே. முதல் ஆளாக என்னைப் போட்டார்கள். அடுத்தது பாப்பா. கிளார்க் அவள் காலைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான். "இப்ப வேலை செய்யறாங்களா? கடைசி அறுபது நாள்ல செஞ்சிருக்கணும்" என்றான். என் பெயரில் அவளைச் சேர்க்கலாமே என்றேன். பதினெட்டுக்கு மேல் பிள்ளைகளைச் சேர்க்கமுடியாதாம். மார்ச்சில் பட்டியலில் வந்திருந்தால் அன்றைக்கே பதிவாகியிருக்கும், பிறகு வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லையாம். அதையும் அவனே சொன்னான்.

"செய்யறா சார். தினம் ஒரு மணி நேரம் செய்யறா" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது சின்னவளே. ஸ்கூட்டர்க்காரர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு. எனக்கு அதுவும் தெரிந்தது. தெரிந்தும் சொன்னேன். கிளார்க் பாப்பாவைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா" என்றான்.

பாப்பா என் கையைப் பிடித்தாள். "இன்னொரு தடவ வேணாம்மா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அப்புறம் அவனிடம், "இல்ல சார். ஏப்ரல்ல இருந்து நான் எந்த வேலையும் செய்யல. அம்மாவுக்கு நாள் கணக்கு தெரியாது" என்றாள். அவன் அவள் பெயரை அடித்தான். ஸ்கேல் வைத்து, ஒரே கோடாக.

வரிசையில் நின்ற ஒருத்தரும் நகரவில்லை. மாடிவீட்டுக்காரி "அப்ப எனக்கும் வேணாம்" என்று திரும்பினாள். பாப்பாதான் அதட்டி நிறுத்தினாள். "அத்தை, ஒழுங்கா வரிசையில நில்லுங்க" என்றாள், என்னைப் போலவே. எழுதத் தெரியாதவர்களின் படிவங்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிரப்பினாள். தொழில் என்கிற கட்டத்தில் ஒவ்வொருத்திக்கும் "ஷூ தைக்கும் தொழிலாளி" என்று முழுசாக எழுதினாள். மத்தியானம் ஆகிவிட்டது முடிக்க. நாற்பத்து மூன்று பேர்.

நேற்று அட்டை வந்தது. என்னுடையது எண் ஒன்று. இனி எனக்குக் காலில் ஏதாவது வந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள். சின்ன டாக்டரிடம் அதைக் காட்டி, இதையே பாப்பாவுக்கு மாற்றிக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அப்படி மாற்றமுடியாதாம். அவளுக்கு நடை இனிமேல் திரும்புவது கஷ்டம் என்றார்.

தெருவில் எல்லோரும் என்னிடம் நல்லபடியாக இருக்கிறார்கள். தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து வைக்கிறார்கள். வரிசையில் எனக்கு இடம் விடுகிறார்கள். வக்கீல் என்னோடு சண்டையே போடுவதில்லை. பாப்பா காலையில் எழுந்ததும் "டீ குடிச்சியாம்மா?" என்று கேட்கிறாள். எனக்கு அதைத் தாங்கமுடியவில்லை. நீயாவது என்னைத் திட்டி நாலு வரி எழுதடி. திட்ட எனக்கு வாய் ஏது என்று சொல்லாதே. இங்கே ஒருத்தரும் திட்டமாட்டேன் என்கிறார்கள்.

அக்கா